பம்பாயிலிருந்து ஒன்றரை மணி நேரம்

எண்பதுகளில் நான் காரிமங்கலத்தில் பூகோள வாத்தியார். எந்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன்.

ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அந்தோணி இறந்துபோனார். பம்பாயில் வேலை பார்த்த மகன், மறுநாள் காலை பத்து மணி விமானத்தில் புறப்படுவதாக மளிகைக் கடைக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னான்.

"எப்பங்க சார் வந்து சேருவான்?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

"பெங்களூருக்கு ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து பஸ்ல ரெண்டரை மணி நேரம். ரெண்டு மணிக்கெல்லாம் இங்க இருப்பான்" என்றேன். அடக்கத்தை இரண்டரைக்கு வைக்கலாம் என்று சர்ச் சாமியாரிடம் சொல்லக் கிளம்பினார்கள்.

அந்தோணியின் மகள் லில்லி தடுத்தாள். பெங்களூர் மார்க்கெட்டுக்கு வாரம் இரண்டு தடவை தக்காளி கொண்டுபோகிறவள் அவள்.

"சார், நீங்க பறக்கற நேரத்தையும் பஸ் ஓடற நேரத்தையும் மட்டும் சொல்றீங்க. எறங்கி வெளிய வரணும், பஸ் ஸ்டாண்டு போவணும், கிருஷ்ணகிரியில பஸ் மாறணும். தம்பி வர அஞ்சு ஆயிடுங்க."

"நான் கணக்குப் போட்டுத்தாம்மா சொல்றேன்" என்றேன்.

அவள் என்னோடு வாதாடாமல், கிளம்பியவர்கள் பக்கம் திரும்பினாள். "சாமிகிட்ட அஞ்சரைன்னு சொல்லுங்க. அவன் அப்பன் மொகத்தப் பாக்காம பெட்டிய மூட வுட மாட்டேன்" என்றாள்.

மறுநாள் இரண்டு அடித்தது. மூன்று, நான்கும் அடித்தன. நான் யார் முகத்தையும் பார்க்காமல் தெருமுனையில் போய் நின்றுகொண்டேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவன் பையோடு ஓடிவந்தான். அப்பாவின் கன்னத்தில் கன்னம் வைத்து அழுதான்.

லில்லி என்னைக் குத்திக்காட்டவில்லை. "சார், அவனுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

விமானம் சரியாக ஒன்றரை மணி நேரம்தான் பறந்ததாம். என் பேச்சைக் கேட்டிருந்தால் அவன் புதுக் குழிமேட்டைத்தான் பார்த்திருப்பான். இப்போதும் யாராவது தூரம் கேட்டால் தயங்காமல் சொல்கிறேன். ஆனால், "எங்க எறங்கி, எப்படிப் போவீங்க?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.