அக்காவின் மூட்டையை இறக்கச் சொன்னவன்

எனக்கு எந்தத் தொப்பியும் பொருந்தாது. மண்டை பெரிசு, உள்ளே சரக்குக் கம்மி என்பாள் என் மனைவி. ஆனாலும் நாலு வருஷத்துக்கு முந்தின கோடையில், எங்கள் மலையில் காட்டுத்தீ பயம் வந்தபோது, காவல் இருப்பவர்களுக்குப் பச்சைத் தொப்பியும் விசிலும் உண்டு என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னதும் முதலில் கை தூக்கியவன் நான்தான். முப்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது.

வேலை எளிது. காட்டுக்குள் போகிறவர்களிடம் தீப்பெட்டி இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுக்க வேண்டும். காட்டுப்பாதை பஸ் ரோட்டில் வந்து சேரும் இடத்தில் மூங்கிலைக் குறுக்கே கட்டி மூன்று பேர் உட்கார்ந்தோம். முதல் நாள், "அண்ணா, தீப்பெட்டி இருக்குதுங்களா?" என்று கேட்டேன். நாலாம் நாள், "ஏய், நில்லு." ஒரு வாரத்தில் காட்டிலிருந்து வெளியே வருகிறவர்களையும் நிறுத்த ஆரம்பித்துவிட்டோம். யாரும் சொல்லவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. தலைச்சுமையை இறக்கினால் தனி ஆளாகத் தூக்க முடியாது. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும், "கொஞ்சம் தூக்கி வுடு" என்றால் தூக்கிவிட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூடத் தூக்கிவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். அதனால் சுமையோடு வருகிறவரை நடுவழியில் இறக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கு வந்தது.

அன்று காலை அக்கா வந்தாள். என் கூடப்பிறந்த அக்கா. அவள் வீடு காட்டுக்கு அந்தப் பக்கம். பின்னால் அவள் ஊர்ப் பெண்கள் நாலு பேர், சந்தைக்குப் புளி கொண்டு போகிறவர்கள். அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்குப் போளூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பத்து மணிக்கு ஆபரேஷன். அம்மா வந்தால்தான் உள்ளே போவேன் என்று போனில் அழுதாளாம். ஏழரை பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

கூட இருந்த இருவரில் ஒருவன் சிரித்தான். "உங்க அக்காவா? வுட்டுரு, வுட்டுரு. நமக்கு வேண்டியவங்கன்னா சட்டம் இன்னா சட்டம்?"

அவன் மேல் பழியைப் போட்டுப் பல நாள் பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை. அவன் கிண்டல்தான் செய்தான்.

"இந்தாம்மா, மூட்டய எறக்கு," என்றேன்.

அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். பிறகு, "இன்னாடா இது, பஸ்ஸு வந்துரும்டா," என்றாள்.

"ரூல்ஸுன்னா ரூல்ஸுதான்."

எந்த ரூல்ஸ் என்று எனக்கே தெரியாது. அவள் இறக்கினாள், நான் அவிழ்த்தேன். சாமை, புளி, அதற்கடியில் பழைய நூல்புடவைகள் நாலு. பிறக்கப்போகிற பிள்ளைக்கு. தீப்பெட்டி விழுகிறதா என்று ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். அந்த இடத்தில் தீப்பெட்டி இருந்தது என் சட்டைப்பையில் மட்டும்தான். சாமை ரோட்டில் சிந்தியது. அப்போது பார்த்து பஸ் வந்தது.

அக்கா புடவைகளை வாரிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தினார். பின்னால் நின்ற நாலு பேரில் ஒருத்தி நேரே போய் பஸ்ஸுக்கு முன்னால் தன் மூட்டையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "அந்தக்கா ஏறாம பஸ்ஸு போவாது," என்றாள். மற்ற மூவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். நான் விசில் ஊதினேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

அக்கா மூட்டையைக் கட்டி முடித்தாள். எதிரே நின்ற ஆள் நான். குனிந்து கை நீட்டினேன்.

"தொப்பியக் கழட்டிட்டுத் தொடு," என்றாள்.

கை தொப்பிக்குப் போனது. கழற்றும் முன் கூட இருந்த இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தேன், சிரிக்கிறார்களா என்று. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, கொஞ்சம் தூக்கி வுடுங்க," என்று டிரைவரைக் கூப்பிட்டாள். அவர் இறங்கி வந்து தூக்கிவிட்டார்.

பத்து மணிக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டாள். பேத்தி பிறந்தாள், சுகம். அக்கா என்னோடு பேசுகிறாள், போனால் சோறு போடுகிறாள், அன்றைக்கு நடந்ததை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வழியில் அவள் மூட்டையை இறக்கி வைத்திருக்கும்போது நான் எதிரே வந்தால், தூக்கிவிடச் சொல்லமாட்டாள். அடுத்த ஆள் வரட்டும் என்று அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். நானும் வெறும் தலையோடு பக்கத்தில் நிற்பேன், யாராவது வரும்வரை.