கையேந்தும்போது சேரும் நட்சத்திரம்

எங்கள் ராத்தாவை அல்லாஹ் தன்னிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. அவருக்காகக் குர்ஆன் ஓதும் இந்தக் கத்தத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காக அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் அவரின் ஒரே தங்கை. அவரிடம் அதிகம் ஏச்சு வாங்கியவளும் நானே.

ராத்தா எருக்கலம்பிட்டியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கேத்திரகணிதம் என்றால் எங்களுக்குக் காய்ச்சல், அவருக்குப் பெருநாள். பள்ளிவாசல் யன்னலில் மரச்சட்டங்களால் பின்னியிருந்த எட்டுமுனை நட்சத்திரத்தைக் கவராயத்தால் கொப்பியில் வரைந்து பழகினார். பிறகு அதையே மருதோன்றியால் கைகளில் போடத் தொடங்கினார். தோலில் கவராயத்தைக் குத்த முடியாதே. நடுப்புள்ளியில் நூலை அழுத்திப் பிடித்து வட்டம் சுற்றுவார்.

தொண்ணூறில், போரின் நடுவே, வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் நாங்களும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோதுதான் அவருக்கு முதல் மணப்பெண் கிடைத்தாள். எல்லாரும் மயிலும் கொடியும் கேட்ட காலம். ராத்தா வேறொன்று நினைத்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளிலும் சுண்டுவிரல் பக்க விளிம்பில் பாதிப் பாதி நட்சத்திரம். துஆ கேட்டு அல்லாஹ்விடம் கையேந்தும்போது அது முழுசாக வேண்டும். பெண்ணின் கைகளைத் தலையணையில் விரித்து வைத்துப் போட்டார். சிவந்த பிறகு அவள் கையேந்தினாள். பாதிகள் ஒரு விரற்கடை ஏறுமாறாக நின்றன. மருதோன்றிக்கு அழிறப்பர் கிடையாது.

"இதுக்கு ஒரு மயிலப் போட்டிருக்கலாமே!" என்றார் பெண்ணின் மாமி.

"பிழை என்ட கையிலதான் மாமி, நட்சத்திரத்தில இல்ல. உங்கட மகளுக்கும் நான்தான் போடுவன், பாருங்கோ" என்றார் ராத்தா.

அன்றிலிருந்து யார் வந்தாலும், "முதல்ல துஆ கேக்கிற மாதிரிக் கையத் தூக்குங்கோ" என்பார். ஒருவர் வலக்கையைச் சற்று உயர்த்துவார்; ஒருவர் குழித்துப் பிடிப்பார். அவரவர் கைகள் சேருமிடத்தில் புள்ளி வைத்த பிறகே வேலை தொடங்கும். அந்த மாமியின் மகளுக்கு நட்சத்திரம் அச்சொட்டாகச் சேர்ந்தது. மாமி தன் கைகளையும் நீட்டினார்.

ஊர் திரும்பிய பிறகும் ராத்தா வேலையை விடவில்லை. வரைவது வலக்கை என்பதால், சோதனைக்குத் தன் இடக்கையில் மட்டும் போட்டுப் பார்ப்பார். அந்தப் பாதியோடுதான் இத்தனை வருடமும் கையேந்தினார்.

நோயில் படுத்திருந்தபோது வலக்கையை என்னிடம் நீட்டினார். "நீ போடு புள்ள."

போட்டேன். கைகளைச் சேர்த்துப் பார்த்தார். நூலளவு விலகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் அழுகிறாய்? புள்ளி வைக்காமத் தொடங்கிட்டாய். இந்தச் சிவப்புப் போகட்டும், திருப்பிப் போடுவம்."

சிவப்பு மங்குமுன் அவர் போய்விட்டார். குளிப்பாட்டும்போது அந்தக் கைகளைக் கழுவியவள் நான்.

நோயில் அவரைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கச் சகோதரிகளுக்கும், கபுர் வெட்டி அடக்கிய சகோதரர்களுக்கும் எங்கள் நன்றி. நான் இப்போது புள்ளி வைத்துப் பழகுகிறேன், விடமாட்டேன்.

ராத்தா மருதோன்றி போட்டுவிட்ட கைகள் இந்த வீட்டில் இன்று நிறைய இருக்கின்றன. அவருக்காக ஒருமுறை ஏந்துங்கள். நன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். இடைவெளி விட்டால் ராத்தாவுக்குப் பிடிக்காது.