கோட்டுக்குள் விழுந்த வளையம்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் அரிவாள்மணை, தையல் மிஷின், வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த பிறகு, கடைசியாக ஒரு பழைய ரப்பர் வளையத்துக்கும் வைப்பேன். சிவப்பாக இருந்தது, இப்போது செங்கல் நிறத்துக்கு வெளுத்துவிட்டது. கே.கே. நகர் குடியிருப்பில் சின்ன வயதில் நாங்கள் ரிங் விளையாடிய வளையம் அது. நடுவில் வலை கட்டியிருக்கும். அந்தப் பக்கமிருந்து வருவதை ஒற்றைக் கையால் பிடித்து உடனே திருப்பி வீச வேண்டும். தரையில் விழவிட்டால் பாயிண்ட் போச்சு.

ஒரு பொங்கல் போட்டியின் கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே நின்றவர் பின்பக்க பிளாக்கில் இருந்த பெண். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினால் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. கடைசிப் பாயிண்டுக்கு நான் வீசியது கோர்ட்டை ஒட்டிய பிள்ளையார் கோயில் மூலையில், கோட்டுக்குள் விழுந்தது. அவர் வெளியே என்றார். அங்கே கோடு பார்க்க நின்றவர் என் அண்ணன். உள்ளே என்று கையைக் காட்டிவிட்டார். வளையம் எனக்குப் பரிசாக வந்தது. சில வருடம் கழித்து அந்தப் பெண்ணே எங்களுக்கு அண்ணியாக வந்தார். "எனக்கு எதிரா தீர்ப்பு சொன்ன ஆளையே கட்டிக்கினேன் பாரு" என்று இன்றைக்கும் சொல்வார். அண்ணன் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார்.

சமீபத்தில் அண்ணிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணிதான் நடக்கமாட்டேன் என்றார். பாலவாக்கம் வீட்டில் கட்டிலே கதி. இப்படியே இருந்தால் முட்டி இறுகிப் பிறகு நடக்கவே முடியாமல் போகும் என்று பிசியோதெரபி செய்ய வந்த பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். "வுயுந்துட்டா யாரு தூக்குவா? வுடும்மா" என்பார் அண்ணி. பாய்ந்து விழுந்து, முழங்கை சிராய்ப்போடு சிரித்துக்கொண்டே எழுந்தவர் அவர். அவருக்கா இந்தப் பயம் என்று என் மனசு ஆறவில்லை. திருவான்மியூர் போய் மருந்தீஸ்வரர் முன்னால் நின்று அழுதேன். விபூதியை மடித்துக்கொண்டு வெளியே வரும்போது, அந்தக் கோர்ட்டைப் படம் பிடித்துக் காட்டலாமே என்று தோன்றியது. சாமிதான் தோன்ற வைத்தார். எனக்கு அவ்வளவு யோசனை வராது.

வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு கே.கே. நகர் போனேன். மண் தரை சிமெண்டாகி, நீலமும் மஞ்சளுமாக ஏதேதோ கோடுகள். ஆனால் வலை கட்டிய இரும்புக் கம்பம் அதே இடத்தில் நின்றது. பிள்ளையாரும் அதே மூலையில் இருந்தார். அவர் படிக்கு நேராகத்தான் எங்கள் கோடு போகும். செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, வளையத்தை அது விழுந்த இடத்தில் வைத்தேன். செல்போனோடு குனிந்தும் நிமிர்ந்தும் நான் எடுத்ததைப் பார்த்து, ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் "இன்னா ஆன்ட்டி, ரீல்ஸா?" என்றாள். "சாட்சிம்மா" என்றேன்.

அண்ணி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கம்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வளையம் இருந்த படம் வந்ததும் முகம் மாறியது.

"இன்னா இது? இங்கயா வுயுந்துச்சு?"

"அங்கதான் அண்ணி."

"அண்ணனுக்கு ஏத்த தங்கச்சி. அதைக் குடு. நவுரு."

என் கையிலிருந்த வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு கட்டில் விளிம்பை ஊன்றி எழுந்தார். அண்ணன் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் கண் காட்டி நிறுத்தினேன். சுவரைத் தடவிக்கொண்டு ஹாலைத் தாண்டி, பூஜை அறை வாசல்வரை போனார் அண்ணி. "இது பிள்ளையார் படி. இந்த டைல்ஸ் ஓரம் கோடு. இங்க வுயுந்துச்சு, நல்லா பாத்துக்கோ" என்று வளையத்தைக் கோட்டுக்கு வெளியே போட்டார். தான் நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"விபூதி எடுத்தாந்தியே, வெச்சு வுடு" என்றார்.

இந்த ஆயுத பூஜைக்கு வளையம் என் வீட்டில் இருக்காது. பாலவாக்கத்தில் அந்த வாசலிலேயே கிடக்கிறது. போகும்போதெல்லாம் அதை எடுத்துக் கோட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு வருகிறேன், ஏனென்றால் அது உள்ளேதான் விழுந்தது. அடுத்த முறை போனால் வெளியே கிடக்கிறது. தான் தொடவே இல்லை என்று அண்ணன் சாமி படத்தின் மேல் சத்தியம் செய்கிறார்.