இரண்டு பேர் பிடித்தால் எரியும் விளக்கு

அருங்காட்சியகம் என்றால் ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைப்பார்கள். ‘தொடுங்கள்’ என்று பலகை வைத்துவிட்டு, யாராவது தொடுகிறார்களா என்று தூணுக்குப் பின்னால் நின்று வேவு பார்ப்பது என் தொழில். சக்கரத்தைச் சுற்றினால் கப்பல் நகரும், மிதித்தால் தவளை கத்தும், பேசினால் சுவர் திருப்பிப் பேசும். இப்படிப்பட்ட காட்சிப் பொருள்களைக் கடலூர், சிதம்பரம் பக்கம் பூங்காவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சின்ன அருங்காட்சியகங்களுக்கும் செய்து கொடுக்கிறேன். படம் வரைவது நான், ஆசாரியிடம் நின்று மரம் அறுத்து வாங்குவது நான், ஒயர் இழுப்பது நான், ஓடவில்லை என்றால் திட்டு வாங்குவதும் நான். தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நல்லது நடந்தால் சொல்ல ஆளில்லை. கெட்டது நடந்தால் பழிபோட ஆளில்லை. இரண்டாவதுதான் ரொம்பக் கஷ்டம்.

மாடி போர்ஷனில் தவளைச் சத்தம்

திருப்பாதிரிப்புலியூரில் கடைத்தெருவை ஒட்டி ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, ஒரே தம்பி துபாயில். இதையெல்லாம் வீட்டுக்காரம்மா முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டார். தொழிலைத்தான் அவருக்கு விளங்க வைக்க முடியவில்லை. ‘டிசைனர்’ என்று சொன்னேன். மறுநாள் ஜாக்கெட் துணியோடு வந்து நின்றார்.

ஒருநாள் மொட்டை மாடிக்கு வடாம் காயப்போட வந்தவர் என் அறையை எட்டிப் பார்த்தார். நான் தரையில் ஒரு மரத் தவளையை வைத்து மிதித்துக்கொண்டிருந்தேன். மிதித்தால் கத்த வேண்டும், காலை எடுத்தால் நிறுத்த வேண்டும். அது நிறுத்துகிற வழியாக இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பொருள், குழந்தைகள் மிதித்து விளையாடுவார்கள் என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன். தவளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் வெளையாட்டு சாமான் செய்யறீங்க. கூட வெளையாட ஒங்களுக்கு ஒரு ஆளு வேணாமாம்மா?”

வலம் வந்த படகு

முதுநகர்ப் பக்கம் ஒரு பூங்காவில் வட்டமாகத் தூண்கள் நட்டேன். ஒவ்வொரு தூணையும் தொட்டால் ஒரு சத்தம். முதல் தூணில் படகைக் கடலில் தள்ளும் சத்தம், அடுத்ததில் இன்ஜின், பிறகு வலை வீசுவது, மீன் துள்ளுவது, கடைசியில் கரையில் ஏலம் போடும் கூச்சல். ஒரு சுற்று வந்தால் ஒருநாள் தொழில் முடிந்துவிடும். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

செய்த தப்பு என்னவென்றால், வட்டத்தின் நடுவில் அழகுக்காக ஒரு விளக்குக் கம்பம் நிறுத்தினேன். நடுவில் ஏதாவது ஒன்று நின்றால் போதும், நம் ஊர்க் கால் தானாக அதை வலம் வரும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கூட அப்படித்தான் போகிறார். நின்று பார்த்தவள் சொல்கிறேன். நான் வரிசை வைத்திருந்ததோ எதிர்ப்பக்கமாக. திறந்த அன்று வந்தவர்களெல்லாம் முதலில் மீனை ஏலம் போட்டார்கள், பிறகு பிடித்தார்கள், கடைசியில் படகைக் கடலில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிற நிலைமையில் இருந்தேன். பக்கத்தில் லுங்கி கட்டிய மீனவர் ஒருவர் முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “கரெக்டாதான் வச்சிருக்காங்க மேடம். நாங்களும் கரையில ஏலத்த முடிச்ச கையோட திரும்ப கடலுக்குத்தான் போறோம், வூட்டுக்கா போறோம்?”

ஜன்னலோர சீட்டு

இனிச் சொல்லப் போவதெல்லாம் சிதம்பரத்துக் கதை. அங்கே ஒரு டிரஸ்ட், விளக்குகளுக்கு மட்டும் சின்னதாக ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அகல் விளக்கில் ஆரம்பித்து எல்.இ.டி. வரைக்கும் கண்ணாடிக்குள் வரிசையாக இருக்கும். கடைசிச் சுவர் காலியாக இருந்தது. அதில் ஏதாவது செய்து தரச் சொன்னார்கள்.

நான் செய்தது இது. சுவரில் இரண்டு பித்தளைத் தகடுகள். நடுவில் ஒரு விளக்கு. ஒருவர் இந்தத் தகட்டில் ஒரு கையை வைக்க வேண்டும், இன்னொருவர் அந்தத் தகட்டில் ஒரு கையை வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் கைகளை இருவரும் கோத்துக்கொண்டால் விளக்கு எரியும். உடம்பு வழியாகப் போவது பேனா பாட்டரி அளவு கரண்ட்தான், பயமில்லை. ஒரே ஆள் இரண்டு கையையும் நீட்டினாலும் எட்டாத தூரத்தில் தகடுகளை வைத்தேன். இதுவரை நான் செய்ததெல்லாம் அடுத்தவர் கேட்டுச் செய்தவை. இது ஒன்றுதான் நானாக ஆசைப்பட்டுச் செய்தது. ஏன் இரண்டு பேர் என்றால், எல்லாவற்றையும் ஒருத்தியாகவே செய்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு பொருளாவது ஒற்றை ஆளுக்கு மசியாமல் இருக்கட்டும் என்று தோன்றியது.

அந்த விளக்கைத் துணியில் சுற்றி, கடலூரில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டர் வந்து, ஜன்னலோரம் யாருக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆள் இல்லை, சாமான்தான் என்றேன். மடியில் வைக்கச் சொல்லிக் கோபப்படுவார் என்று பார்த்தால், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: “இருக்கட்டும், அதுக்கும் சேத்தே போட்டுக்கறேன். சிதம்பரம் வரைக்கும் ஒங்களுக்கும் ஒரு தொணையாச்சு.”

அந்தோணியின் மறுப்பு

விளக்கை மாட்டியாகிவிட்டது. எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் உறைத்தது, என்னிடம் இரண்டாவது ஆள் இல்லை. காவலாளி அந்தோணியைக் கூப்பிட்டேன். கடலூர்க்காரர், இங்கே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர், தங்கமான மனிதர். ஏணி பிடிப்பார், டீ வாங்கி வருவார். தகட்டில் கை வைக்கச் சொன்னதும் வைத்தார். மறு கையை நீட்டச் சொன்னதும் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு ஒரு நீளமான ஒயரின் ஒரு முனையைத் தகட்டில் ஒட்டி, மறு முனையை நான் பிடித்துக்கொண்டு சோதனை பார்த்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் ஒரு கையில் தகடும் மறு கையில் ஒயருமாகச் சுவரோடு நின்றபோது எனக்கு மனசுக்குள் என்னவோ போல் ஆகிவிட்டது. அந்தோணி தள்ளி நின்று கைதட்டிவிட்டு, சமாதானமாகச் சொன்னார்: “தப்பா நெனைச்சுக்காதீங்க மேடம். எம் மாமியா வூடு அடுத்த தெருதான், கண்ணு ஜாஸ்தி.”

செயலாளரின் கெடு

திறந்து மாதங்கள் ஓடின. என் விளக்கு எரியவில்லை. பழுது ஒன்றும் இல்லை. யாரும் கை கோக்கவில்லை, அவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டி வருவார்கள், பலகையைப் படிப்பார்கள், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காலேஜ் ஜோடி ஒன்று தகடு வரைக்கும் போனது. அதற்குள் யாரோ தெரிந்தவர் வந்துவிட, ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டியை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மாமாவும் மச்சானும் துண்டின் இரண்டு முனையைப் பிடித்துப் பார்த்தார்கள். துணியில் எங்கே கரண்ட் போகும்? ‘ரிப்பேரு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்காகவே வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து தூணுக்குப் பின்னால் நிற்பேன். செயலாளர் ரிட்டையர்டு வாத்தியார், கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. தூணருகில் என்னைப் பிடித்துவிட்டார். பட்டன் வைத்தால் வந்தவர் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போவார் அல்லவா என்றார். பட்டன் வைத்தால் அது வெறும் சுவிட்சு ஐயா, அதற்கு நான் எதற்கு என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மார்கழி தேரு கூட்டம் வரட்டும்மா. அப்பவும் எரியலன்னா பட்டன்தான். ஒருத்தரு வந்தா ஒருத்தருக்கு எரியணும், அதான வெளக்கு.”

குழம்புத் தூக்கு

தேரன்று சிதம்பரத்தில் எள் போட்டால் எள் விழாது. கால் வலிக்கு ஒதுங்க வந்தவர்களே எங்கள் அருங்காட்சியகத்தை நிரப்பிவிட்டார்கள். நான் காலையிலிருந்து தூணோடு தூணாக நின்றேன். மத்தியானம் வரை யாரும் கோக்கவில்லை. மனசுக்குள் பட்டன் வாங்க எந்தக் கடைக்குப் போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது பெண்ணாடம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கரும்பு வெட்டு ஆரம்பிப்பதற்குள் சாமி பார்த்துவிட வந்தோம் என்று அந்தோணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். இருவரும் ஆளுக்கொரு தகட்டில் கை வைத்தார்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்து இருவருக்கும் வெட்கம் வந்துவிட்டது. புருஷன் கையில் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த குழம்பு, எவர்சில்வர் தூக்கில் இருந்தது. மனைவியின் கையைப் பிடிப்பதற்குப் பதில், எப்போதும் கொடுப்பது போல அந்தத் தூக்கை அந்த அம்மா பக்கம் நீட்டினார். அந்த அம்மா அடியில் கை கொடுத்துத் தாங்கினார். எவர்சில்வரில் கரண்ட் போகும் அல்லவா? விளக்கு எரிந்தது. கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது. அந்த அம்மா மட்டும் விளக்கைப் பார்க்காமல் புருஷனை அதட்டினார்: “மொதல்ல கொழம்ப சிந்தாம புடிங்க. வெளக்கு எங்கயும் ஓடிறாது.”

பொதுத் தூக்கு

அதற்குப் பிறகு வரிசை கட்டிவிட்டது. அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், அந்தக் காலேஜ் ஜோடி மாதிரி நாலைந்து ஜோடிகள், எல்லாருக்கும் அந்தத் தூக்கு வேண்டியிருந்தது. கடைசியில் குழம்புக்காரர்கள் விருத்தாசலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தூக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

பட்டன் பேச்சு அன்றோடு போயிற்று. என் விளக்கு பிழைத்துவிட்டது. நான் துள்ளியிருக்க வேண்டும், துள்ளத்தான் தோன்றவில்லை. இரண்டு பேர் வேண்டும் என்பது நிலைத்துவிட்டது, கை கோக்க வேண்டும் என்பது போய்விட்டது. செயலாளர் மறுநாள் காலை புதுத் தூக்கு ஒன்றோடு வந்தார். தண்ணீர்ப் பானைக்கு டம்ளரைக் கட்டிவைப்பது போல, நைலான் கயிற்றில் அதைச் சுவரோடு கட்டித் தொங்கவிட்டார். இரண்டடி பின்னால் நகர்ந்து அழகு பார்த்துவிட்டு, முழுத் திருப்தியோடு சொன்னார்: “இது நல்ல ஏற்பாடும்மா. இனிமே யாரும் யாரையும் தொட வேண்டிய அவசியமே இல்ல பாருங்க.”

தனியாக வந்தவர்

அன்று கோயிலில் மார்கழி தரிசனம். சாயங்காலம் கூட்டம் வடிந்துவிட்டது. அந்தோணி வெளியே செருப்புகளை ஒழுங்குபடுத்தப் போயிருந்தார். உள்ளே நானும், மெரூன் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாவும் மட்டும். என் வயதுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. அகல் விளக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடைசிச் சுவருக்கு வந்தார். பலகையைப் படித்தார். திரும்பிப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. “இங்க வாங்களேன், சும்மாதான நிக்கறீங்க?” என்றார்.

போய் ஒரு தகட்டில் கை வைத்தேன். அவர் மறு தகட்டில் வைத்தார். பிறகு நான் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஊர்க்காரர்கள் கை கோக்கவில்லை என்று மாதக்கணக்கில் குமுறியவள், ஒரு நொடிகூட யோசிக்காமல் அந்தத் தூக்கை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். “இத எதுக்கு நீட்டறீங்க, நான் என்ன சோறா கேட்டேன்?” என்று அதைத் தட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு எரிந்தது. இதற்கு முன் ஒரு மனிதர் என் கையைப் பிடித்தது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை. பார்த்தாகிவிட்டதே என்று நானாகவே விரலைத் தளர்த்தினேன். அவர் விடவில்லை. விளக்கைப் பார்த்தபடியே சொன்னார்: “எரியட்டும் இருங்க. எனக்கும் வூட்டுக்குப் போயி செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல.”

இரண்டு பேர் இருந்தால் எரிகிற விளக்கைச் செய்யத் தெரிந்தவளுக்கு அந்த இரண்டாவது ஆளைச் செய்யத் தெரியாது என்பது ஒன்றுதான் இந்தத் தொழிலில் குறை, மற்றபடி நல்ல தொழில்தான்.