தொப்பிக்காரரைத் துரோகியாக்கிய கதை

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் இராசிபுரத்து டூரிங் டாக்கீஸில் நான் கதை சொல்லும் வேலை பார்த்தேன். இங்கிலீஷ் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் ஏறி நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, யார் என்ன பேசுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று தமிழில் கத்த வேண்டும். பகலில் போர்டு ஸ்கூல் வாத்தியார், பொழுது சாய்ந்தால் தகரக் குழாய். இரண்டில் எதில் மரியாதை அதிகம் என்று கேட்டால் கூசாமல் சொல்வேன், குழாயில்தான். பள்ளிக்கூடத்தில் நான் சொன்னதை ஒருத்தனும் காதில் போட்டுக்கொண்டதில்லை. கூடாரத்தில் நான் இருமினால்கூட ஜனங்கள் கதையில் யாருக்கோ சளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கூடாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது. முன்னால் மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாலைந்து நாற்காலி. நடுவில் ஒரு மூங்கில் தட்டி, அந்தப்பக்கம் பெண்கள். பீடிப் புகையும் வறுத்த கடலை வாசமும் கூடாரத் துணியின் ஈர நெடியும் கலந்து ஒரு வாசனை வரும். எத்தனையோ நல்ல கொட்டகைகளில் குளுகுளுவென்று உட்கார்ந்து படம் பார்த்துவிட்டேன், அந்த வாசனை எங்கும் கிடைக்கவில்லை.

மெஷின் ஒன்றே ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் முறுக்கு விற்பவனும் நானும்தான் ராஜா. முடிந்த ரீலுக்கு விளக்கம், வரப்போகும் ரீலுக்குத் தூண்டில், நடுவில் உள்ளூர்க் கிண்டல் கொஞ்சம் என்று அளந்துவிடுவேன். கதைக்கு ஆதாரம் பெட்டியோடு வரும் ஒரு காகிதம். அதில் பாதிக் கதைதான் இருக்கும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிடுவார்கள். படத்தை முன்கூட்டிப் போட்டுக் காட்டுங்கள் என்று முதலாளியிடம் கேட்டால், மெஷினுக்கு எரிக்கும் கார்பன் குச்சிக்குச் சண்டையில் ஏகத் தட்டுப்பாடு என்பார். ஆகவே முதல் ஆட்டத்தில் ஜனங்களோடு சேர்ந்து நானும் முதல்முறையாகத்தான் பார்ப்பேன். ஆனால் முன்பே பார்த்தவன் மாதிரி பேச வேண்டும். நான் படித்த இங்கிலீஷ் வேறு, படத்தில் அவர்கள் மென்று துப்பிய இங்கிலீஷ் வேறு. எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அவ்வளவு தைரியம் அந்த வயதில்.

ஒருநாள் சர்க்கார் பார்த்து அனுப்பிய சண்டைப்படம் ஒன்று வந்தது. எங்கோ வடக்கே ஒரு குளிர் தேசம். எதிரிப் பட்டாளம் ஊருக்குள் புகுந்துவிட்டது. ஊர்க்காரர்கள் சிலர் மலையில் பதுங்கிக்கொண்டு, பாலத்தை உடைத்து, தந்திக் கம்பியை அறுத்துப் பட்டாளத்தைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். முதல் காட்சியிலேயே கண்ணுக்கெட்டியவரை பனி. மணல் தரையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, ஊரெல்லாம் பஞ்சு கொட்டிக் கெடக்குது?"

"பஞ்சு இல்லைங்க, பனி."

"நானும் பாத்தனுங்க, இத்தன பஞ்சு இருந்துமா நமக்கு நூல் வர மாட்டீங்குதுன்னு!"

கூடாரமே சிரித்தது. எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். நூலுக்குக் கட்டுப்பாடு வந்து பாதித் தறி தூங்கிக்கொண்டிருந்த காலம் அது.

பட்டாளத்துக்காரன் வந்தால் சத்தம் போட்டு வைதார்கள். கம்பியை அறுத்தபோது விசில் பறந்தது. பின்னால் நாற்காலியில் இருந்த போலீஸ் சப்-இன்ஸ்பெக்டருக்குத்தான் சங்கடம். இந்த ஊரிலேயே 'வெள்ளையனே வெளியேறு' என்று தந்திக் கம்பி அறுத்தவர்களைத் தேடிப் பிடித்து அடைத்தவர் அவர். படமோ சர்க்கார் படம். கைதட்டாமலும் இருக்க முடியாது, தட்டவும் முடியாது. அவரை அப்படி நெளியவிட்டதில் எனக்குப் பரம சந்தோஷம். அவர் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒருவர் என் அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான்.

மச்சான் போதமலை அடிவாரத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் பதுங்கியிருந்தார். அவர் பிடிபடுவதற்கு இரண்டு நாள் முன்னால், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு காட்சியைப் பார்த்தேன். எங்கள் தெருக்கோடித் தறிக்காரர் போலீஸ் ஸ்டேஷன் படியேறி உள்ளே போனார். தோளில் ஒரு கான்ஸ்டபிள் சிநேகிதன் மாதிரி கைபோட்டிருந்தான். மச்சான் பிடிபட்டதும் இதை அக்காவிடம் சொன்னேன். அக்கா தெருவுக்குச் சொன்னாள். அப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் தெருவில் தண்டனை என்றால் அடிதடி கிடையாது. தறிக்குப் போகும் முன் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் பிரஷ் போட்டு உலர்த்த வேண்டும். ஒற்றை வீட்டால் ஆகிற காரியமில்லை. இரண்டு கோடியையும் இழுத்துப் பிடிக்கவும், அறுந்த இழையை முடியவும் அக்கம்பக்கத்தார் வந்தால்தான் உண்டு. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. தெருக்கோடித் தறிக்காரர் வீட்டுப் பாவுக்கு யாரும் போகவில்லை, அவ்வளவுதான். மூன்று மாதமாக அவர் பாவைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, மாமனார் ஊரான வெண்ணந்தூருக்கு நடந்தே போய்க் கஞ்சி போட்டு வந்தார். காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். குற்றம் செய்த நெஞ்சு தலையைத் தொங்கப்போடுகிறது என்று நான் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

படம் பார்க்க அவரும் வந்திருந்தார். மணலில் ஓரமாக அவர் இருக்க, சுற்றிலும் இரண்டு முழம் காலியாக விட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

படத்தில் தொப்பி போட்ட ஒரு மனிதர் வருகிறார். அதிகம் பேசாதவர். மலையில் இருப்பவர்களுக்கு ரொட்டி கொண்டுபோகிறார். நாலாவது ரீலின் கடைசியில் எதிரிப் பட்டாளத்தின் ஆபீஸ் கதவு திறக்கிறது. ஒரு சிப்பாய் தோளில் கைபோட்டு அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறான். கதவு சாத்துகிறது. ரீல் முடிந்து விளக்கு எரிந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கண்ணால் பார்த்த அதே காட்சி, அதே தோள், அதே கை! தகரக் குழாயை எடுத்தேன்.

"பார்த்தீர்களா மகாஜனங்களே! சோறு கொண்டுபோன கையே காட்டிக்கொடுக்கப் போகிறது! இந்தத் தொப்பிக்காரன்தான் துரோகி! குளிர் தேசத்தில்தான் இவன் தொப்பி போட்டிருக்கிறான். சில ஊரில் துண்டு போட்டிருப்பான்!"

பெயரும் சொல்லவில்லை, கையும் நீட்டவில்லை. தேவையே இருக்கவில்லை. அத்தனை தலையும் ஓரத்துப் பக்கம் திரும்பியது. யாரோ காறித் துப்பினார்கள். அவர் மணலைப் பார்த்தபடியே இருந்தார். நான் என்னையே மெச்சிக்கொண்டு ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் குடித்தேன்.

விளக்கு அணைந்தது. ஐந்தாவது ரீல் கதவுக்கு உள்ளேயே ஆரம்பித்தது. தொப்பிக்காரரை நாற்காலியில் கட்டியிருந்தார்கள். தொப்பி கீழே கிடந்தது. உள்ளங்காலில் அடித்தார்கள். கேட்டார்கள், அடித்தார்கள், மறுபடி கேட்டார்கள். அவர் வாயே திறக்கவில்லை. நான் குழாயைக் கீழே இறக்கினேன். "என்னங்க வாத்தியாரே, துரோகின்னீங்க?" என்று ஒருவர் கேட்டார். அப்போது தட்டிக்கு அந்தப்பக்கம் இருட்டிலிருந்து ஒரு பெண்குரல் பீறிட்டது.

"இப்பிடித்தானுங்க அடிச்சாங்க! எங்கூட்டுக்காரர இப்பிடியேதானுங்க கால்ல அடிச்சாங்க! காயத்தோடதானுங்க வெண்ணந்தூருக்கு நடந்தாரு!"

கோடி வீட்டுக்காரரின் மனைவி. இருட்டில் யார் கத்தியது என்று சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியும். விளக்கு வந்தபோது சப்-இன்ஸ்பெக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. மணலில் அந்த ஓரமும் காலியாக இருந்தது. மீதிப் படத்தை நான் என்ன சொல்லி ஓட்டினேன் என்று ஞாபகமில்லை. தொப்பிக்காரர் வாய் திறக்காமலே செத்துப்போனார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பெண்கள் விசும்பி விசும்பி அழுதார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா எனக்கு முன்னால் விடுவிடுவென்று போனாள். தெருமுனையில் நின்றாள்.

"ஏஞ்சாமி, நீ ஸ்டேசனுக்கு உள்ள போயிப் பாத்தியா?"

"இல்லக்கா. படியேறினதத்தான் பாத்தேன்."

மச்சானைக் காட்டிக்கொடுத்தது யாரென்று அன்றும் தெரியாது, இன்றுவரைக்கும் தெரியாது. காட்டிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டியவன் நான்தான்.

விடிந்ததும் கோடி வீட்டுக்காரர் வழக்கம்போல் பாவுச் சுருளைத் தலைக்குத் தூக்கினார். அக்கா போய் எதிரில் நின்றாள். "எறக்குங்க. இங்கயே போட்டுக்கலாம்," என்றாள். அவர் அசையவில்லை. அவளே சுருளைப் பிடித்து இறக்கி, ஒரு கோடியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். அதைப் பார்த்து ஒவ்வொரு வீடாக ஆள் வந்தது. கஞ்சிச் சட்டி வந்தது, பிரஷ் வந்தது. யாரும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் தெருவில் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை.

எனக்கோ சொல்லாமல் இருக்க முடியாது. குழாய் பிடித்த வாயாயிற்றே. எல்லோர் முன்னாலும் அவரிடம் போனேன். நான் சொன்னது அபாண்டம், என் வாயில் மண்ணைப் போடுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குரல் தானாக உயர்ந்துவிட்டது. "அந்தத் தொப்பிக்காரரைப் போலவே அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு வாயே திறக்காமல் என் மச்சானைக் காப்பாற்றப் பார்த்தீர்கள்! நீங்கள் வீரர்!" என்றேன்.

அவர் பாவின் மறு கோடியைப் பிடித்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடி வாங்குனது நெசந்தானுங்க வாத்தியாரே. ஆனா உங்க மச்சான் எங்க இருந்தாருன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா மூணாவது அடியிலயே சொல்லியிருப்பனுங்க. அதுக்கு மேல தாங்குற ஒடம்பு இல்லீங்க இது. என்னைய வீரன்னு சொல்லி இன்னைக்கு ஆட்டத்துல கத்திராதீங்க. மறுக்காவும் பொய்யாப் போயிரும்."

பிரஷ் போட்டவர்கள் பாவிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். புருஷனை ஜெயிலில் வைத்திருப்பவள் என் அக்கா. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஒருவர் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பாவின் கோடி அவள் கையில் இருந்தது. விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். விட்டால் அத்தனை இழையும் மண்ணில் புரண்டு சிக்கலாகிவிடும்.

"மூணு வரைக்கும் தாங்கியிருப்பீங்களா?" என்றாள் அக்கா. "எங்கூட்டுக்காரரா இருந்தா ரெண்டுலயே சொல்லியிருப்பாருங்க. அந்தக் கோடியக் கெட்டியாப் புடிங்க, கஞ்சி காயுது."

அவர் முதலில் சிரித்தார். அப்புறம்தான் அழுதார்.