கோப்புக் காட்சி

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் தொலைக்காட்சியின் ஒலியை அடைத்தே வைத்திருப்பார்கள். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு போகும், சுவரில் சென்னைச் செய்திச் சேனல் ஊமையாக ஓடும். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மாமியாரும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, இரண்டரை வயது மகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அங்கே போனோம். தோசை வரும் முன்பே திரையில் சிவப்புப் பட்டை வந்துவிட்டது. வட இந்தியாவில் ஒரு நகரம். ரயில் நிலையத்தில் குண்டுவெடிப்பு.

என் கணவர் முந்தைய நாள்தான் அந்த ஊருக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை அங்கே அலுவலகக் கூட்டம். ஞாயிறு சும்மா இருக்கும், கூட வந்த அலுவலக நண்பரோடு ரயிலேறிப் பக்கத்தில் ஒரு கோட்டையைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டிருந்தார். போய்விட்டு வாருங்கள், அறையில் அடைந்து கிடக்காதீர்கள் என்று சொன்னது நான்தான்.

அழைத்தேன். மணியே அடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது, இப்போதே சொல்வதா, சாப்பிட்ட பிறகா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அவர் திரையைப் படித்துவிட்டார். அவருடைய கை அப்போதுதான் வந்த தோசைத் தட்டைத் தள்ளி வைத்தது.

திரையில் திரும்பத் திரும்பச் சில நொடிகளே ஓடின. புகை. சிதறிக் கிடக்கும் பெட்டிகள். எல்லோரும் ஒரு பக்கம் ஓட, ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து வருகிறார். நீலச் சட்டை, தோளில் கறுப்புப் பை, ஒரு கையால் காதைப் பொத்தியிருக்கிறார். முகம் பாதிதான் தெரிகிறது. உடனே படம் மாறி, முகமூடி போட்ட ஓர் உருவத்தின் கோட்டுப்படம் வரும், பக்கத்தில் கேள்விக்குறி. அதன் பிறகு நான்கு கட்டங்களில் நான்கு பேர் ஒரே நேரத்தில் வாயசைப்பார்கள். மறுபடியும் புகை.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தா. அவன்தான். நடையப் பாரு, கால வெளிய தள்ளி வைக்கிறான்ல."

நீலச் சட்டை தீபாவளிக்கு மாமியாரே எடுத்துக் கொடுத்தது. பெட்டியில் அதை மடித்து வைத்தது நான். அடுத்த முறை வந்தபோது நானும் பார்த்தேன். அவர் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவராகவே இருக்கட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. தோள் சரியாக இருந்தது. முடி கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. புகையில் அப்படித் தெரியலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமியாருக்கு முகமெல்லாம் மாறிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்களிடம் சொன்னார். ஞாயிறு விடுமுறைக்கு வந்திருந்த கட்டுமான வேலைக்காரர்கள் அவர்கள். சாப்பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்தச் சட்டைங்கம்மா?"

"நீலச் சட்டை. இரு, இப்ப வருவான்."

வந்தார். "ஆளு தெம்பாத்தான் போறாரு" என்றார் ஒருவர். இன்னொருவர், "நம்மூர்க்காரன் கூட்டத்துக்கு எதுக்கதான் நடப்பான்" என்றதும் அந்த மேசையில் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார். மகளைத் தூக்கி மடியில் வைத்து, "அப்பா பாரு" என்று திரையைக் காட்டினார். ஒவ்வொரு முறை நீலச் சட்டை வரும்போதும் குழந்தை கைதட்ட ஆரம்பித்தாள்.

மேசைக்காக ஆட்கள் காத்து நின்றுகொண்டிருந்தார்கள். மாமியார் எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். கடைக்காரரும் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கோப்பை தே கொண்டுவந்து வைத்தார்.

நான் கைப்பேசியில் சிங்கப்பூர்ச் செய்தியைத் திறந்தேன். வாசிப்பாளர் அமைதியாகத்தான் வாசித்தார். அங்கே கூச்சல் இல்லை, கோட்டுப்படம் இல்லை. "இச்சம்பவத்தில் சிங்கப்பூரர்கள் பாதிக்கப்பட்டதாக இதுவரை தகவல் இல்லை." முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த வாக்கியத்தையே பிரித்துப் பார்த்தேன். பாதிக்கப்படவில்லை என்று சொல்லவில்லை. தகவல் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். என்னிடமும் தகவல் இல்லைதானே.

மறுபடி சுவரைப் பார்த்தபோது சிவப்புப் பட்டை ஒரு கணம் கீழே இறங்கியிருந்தது. அது மறைத்திருந்த இடத்தில், திரையின் மூலையில், சின்ன வெள்ளை எழுத்தில் "கோப்புக் காட்சி" என்று இருந்தது. புதிய படம் கைக்கு வராதபோது பழைய படத்தைப் போட்டுவிட்டு ஓரத்தில் எழுதுவார்களே, அந்தச் சொல். நீலச் சட்டை அந்த எழுத்துக்குக் கீழேதான் நடந்துபோனார். அதே நிலையத்தில் முன்பு எப்போதோ நடந்த தாக்குதலின் படமாக இருக்க வேண்டும். பட்டை மேலே ஏறி எழுத்தை மூடிக்கொண்டது.

சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. மாமியார் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை போடுகிறவர். இன்னும் கொஞ்ச நேரம் நம்பட்டும், அதற்குள் என் கணவரே அழைத்துவிடுவார். அழைக்காவிட்டால்? இத்தனை நேரம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஆகாதா? கடைக்காரர், "அக்கா, சத்தம் வைக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாப்பாவுக்குத் தலை வலிக்கும் என்றேன்.

அப்போது புக்கிட் பாத்தோக்கிலிருந்து நாத்தனார் மாமியாரை அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள் போலிருக்கிறது. மாமியார் அவளைத் தேற்றினார். அண்ணன் நன்றாக இருக்கிறான், கண்ணால் பார்த்தாயிற்று, உன் அண்ணியும் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று சொல்லிக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"அண்ணி, நீங்களும் பாத்தீங்களா? ஷுவர்தானே?"

"அம்மா பாத்தாங்க" என்றேன்.

அவள் அந்தப் பதிலோடு திருப்தியாகி வைத்துவிட்டாள். மாமியார் என்னை விடவில்லை.

"அம்மா பாத்தாங்கன்னா? நீ பாக்கலயா?"

அதற்கு மேல் முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாமியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அந்தப் படம் இன்றைக்கு எடுத்தது இல்லை, மூலையில் எழுதியிருக்கிறது, அடுத்த தடவை பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். பட்டை இறங்கும் வரை காத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

பக்கத்து மேசைக்காரர்களும் படித்திருக்க வேண்டும். திரையை விட்டுத் தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"என் பிள்ள உயிரோட இருக்கான்னு இவ்வளவு நேரம் இருந்தேன்" என்றார் மாமியார். "அத எடுத்துட்ட."

"அத்தை, நான்..."

"நீ படிச்சவளாச்சே. எல்லாம் தெரியும் உனக்கு."

குழந்தை திரையைக் காட்டி "அப்பா" என்றாள். அவர் அவளைத் திருப்பித் தன் தோளோடு சாய்த்துக்கொண்டார். நான் மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டே இருந்தேன், ஏதாவது செய்கிற மாதிரி இருக்க வேண்டுமே. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நேரத்தில் என் கணவருக்காக எவ்வளவு பயந்தேனோ அவ்வளவு மாமியாருடைய கோபத்துக்கும் பயந்தேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. விடுதி வரவேற்பறைத் தொலைபேசி. கூட வந்தவருக்கு வயிற்றுப்போக்கு, கோட்டைக்கே கிளம்பவில்லை என்றார் என் கணவர். ஊர் முழுக்கக் கைப்பேசி இணைப்பைத் துண்டித்துவிட்டார்களாம், வெளியே விடவில்லையாம், இந்தத் தொலைபேசிக்கு வரிசையாம். கைப்பேசியை மாமியாரிடம் கொடுத்தேன். அவர் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை, குண்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"நீ என்ன சட்ட போட்ருக்க?"

வெள்ளை பனியன் என்று என் கணவர் சொன்னது எனக்கே கேட்டது. ஏம்மா என்று கேட்டார். ஒண்ணுமில்ல, சாப்பிடு, வெளிய போவாத என்று சொல்லிவிட்டு மாமியார் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்து மேசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கடைக்காரர் கல்லாவிலிருந்து கட்டை விரலைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

போகலாமா அத்தை என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. சுவரில் புகை வந்தது, பெட்டிகள் வந்தன, நீலச் சட்டை வந்தார்.

"அப்ப அது யாரு?"

"தெரியலத்த. பழைய படம்."

"பழசா இருந்தா? அவனும் வீட்டுக்குப் போயிருக்கணும்ல" என்றார். "வீடு போய்ச் சேந்தானான்னு இவனுங்க சொல்லவே இல்லையே."

சொல்லியிருக்க மாட்டார்கள், அத்தை, அதையெல்லாம் சொல்லமாட்டார்கள் என்று சொல்ல வந்தேன். குழந்தையை வாங்கித் தள்ளுவண்டியில் வைத்து வாரை மாட்டிவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.