சாட்சி சொல்ல மறுத்த எஸ்தர் அண்ணி

செய்தி வந்தபோது நான் காட்டூர் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். போனில் என் அண்ணன் நீட்டி முழக்கவில்லை. "உங்கண்ணி போய்ட்டாம்மா. கெளம்பி வா" என்றார். கரண்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

பழவேற்காடு கடைத்தெரு முனையில் பேருந்து திரும்பும்போது அண்ணியைப் பார்த்தேன். மின்கம்பத்தில் கட்டியிருந்த பேனரில் சிரித்துக்கொண்டிருந்தார். "புற்றுநோயிலிருந்து பூரண சுகம் பெற்ற சகோதரி எஸ்தர்" என்று மஞ்சள் எழுத்து. பக்கத்தில் சுகமளிக்கும் எழுப்புதல் கூட்டம் நடத்தும் ஊழியக்காரர், வெள்ளைக் கோட்டோடு, அண்ணியைவிடப் பல மடங்கு பெரிதாக நின்றார். அதே புற்றுநோயில் காலையில் கண்ணை மூடியவரை மதியம் சுகமானவராகப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் ஓரம் மாறிக்கொள்ளச் சொன்னார், பேருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிட்டார்.

அஞ்சலிக் கட்டுரையை இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். ஆனால் என் அண்ணியைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பேனர் சொன்ன பொய் மட்டும்தான். மிச்சத்தை யாராவது எழுதியாக வேண்டும்.

அண்ணி எங்கள் குப்பத்துக்கு மருமகளாக வந்தபோது நான் பாவாடை கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண்கள் ஏரியில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிப்பார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்து, சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பனையோலைப் பறியில் போடுவார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். வந்த புதிதில் எல்லோருக்கும் தாடை வலிக்கும், அழுவார்கள். அண்ணி அழவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது.

ஏன் பிடிக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "வூட்ல ஜெபம் பண்ண குந்தினா அது குடு, இது குடுன்னு ஒரே கேட்டுகினேதான் இருக்கறேன். தண்ணில எறங்கிட்டா வாய்ல பறி. ஒண்ணியும் கேக்க முடியாது. அவரும் நானும் சும்மா கூடவே இருக்கறோம். அதான் எனக்கு நல்லாக்கீது" என்றார்.

'அவர்' என்று அண்ணி சொன்னால் அது என் அண்ணன் இல்லை. இது குறித்து அண்ணனைக் கேலி செய்யாதவர்கள் குப்பத்தில் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் இறால் சுத்தமாக அற்றுப்போனது. முகத்துவாரம் மண்ணடித்துப் போனதால் என்று ஆண்கள் சொன்னார்கள். துறைமுகத்தால் என்று சிலர். அப்போதுதான் அந்த ஊழியக்காரர் முதல்முறையாக எங்கள் பக்கம் வந்தார். ஒரு படகில் ஒலிபெருக்கியும் கீபோர்டும் ஏற்றிக்கொண்டு ஏரியை ஆசீர்வதிக்கப் போனார். குப்பமே கரையில் கைதூக்கி நின்றது. அண்ணி மட்டும் சற்றுத் தள்ளி ஏரிக்குள் வழக்கம்போலச் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவரைச் சபைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

"ஏரிய ஆசீர்வதிக்கறாருன்னீங்க. நான் காலைலேந்து அதுக்குள்ளதானே கீறேன். என்ன வுட்டுட்டா ஆசீர்வதிச்சாரு?"

சிரித்தவர்களும் உண்டு. முகம் சுளித்தவர்கள் அதிகம். மறுநாள் ஒரு வலையில் கொஞ்சம் கூடுதலாக மீன் விழுந்தது, அதைக் காட்டியே ஊழியக்காரரின் ஆட்கள் ஊரை வாங்கிவிட்டார்கள். பிறகு ஜெபித்த எண்ணெய் பாட்டில் வந்தது, கைக்குட்டை வந்தது, உப்பு வந்தது. கடல் கரையில் இருக்கிறவர்களுக்கு உப்பை ஜெபித்துக் கொடுக்கிறார்கள் என்றால் எவ்வளவு துணிச்சல்! எங்கள் ஆட்கள் அதையும் வரிசையில் நின்று வாங்கினார்கள். என் அண்ணன் அந்த வரிசையில் முதல் ஆள்.

அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது அதற்குப் பின். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன வாரத்திலேயே ஊழியக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். நடுவில் ஒருமுறை வந்து அண்ணியின் தலையில் கைவைத்து ஜெபித்திருந்தாராம். ஆகவே சுகம் அவருடையது. மைதானக் கூட்டத்தில் அண்ணி மேடையேறி, ஜெபத்தால் சுகமானேன் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் கிடைத்த சுகம் கைவிட்டுப் போகலாம் என்று அண்ணனைத் தனியே அழைத்தும் சொன்னார். அண்ணன் பயந்துபோனார். கெஞ்சிக் கூத்தாடி அண்ணியை மேடைக்குக் கொண்டுபோனார்.

நானும் போயிருந்தேன். விளக்கும் புகையும் டிரம்ஸுமாக ஒரு கல்யாணக் கச்சேரி போல இருந்தது. அண்ணி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா கட்டிய எடுத்தாங்க. ஐயாவும் ஜெபம் பண்ணாரு. எது இன்னா பண்ணிச்சின்னு எனக்குத் தெரியாது. வார்டுல நான் படுத்துகினு இருந்தப்போ அவரு என் கூடவே இருந்தாரு. அது நெசம். இந்த நோவு திரும்பி வந்தாலும் இருப்பாரு. எனக்கு அது போதும்..."

அதற்குமேல் பேச விடவில்லை. டிரம்ஸ் அடித்தார்கள். ஊழியக்காரர் மைக்கை வாங்கி, "சுகம்! சுகம்! சுகம்!" என்று கத்தினார். கூட்டமும் கத்தியது. மேடையிலிருந்து இறங்கிய அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா இது, அவரப் பத்திச் சொல்ல வந்தா அவரத் தவுர எல்லாத்துக்கும் கை தட்றாங்க" என்றார். பேனருக்கு எடுத்த படம் அன்றைய படம்தான்.

நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை எலும்பில். இங்கேதான் எனக்கு எழுதவே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். விசாரிக்க வந்த சபைப் பெண்கள் அண்ணியின் கையைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று அவிசுவாசம், மறைத்துவைத்த பாவம், மேடையில் தேவனுக்கு மகிமை செலுத்தாதது என்று காரணம் தேடினார்கள். ஊழியக்காரரின் ஆள் ஒருவர் வந்து, "சிஸ்டர் வெளிய தெருவ நடமாட வேணாம், மத்தவங்க விசுவாசம் தளந்துடும்" என்றார். அவர்களுக்குப் பேனர் கெட்டுப் போகக் கூடாது. ஒரு மனுஷி அணு அணுவாகச் செத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவர்களுக்கு ஒரு விளம்பரக் கோளாறு.

அதைவிடக் கேவலம் மாத்திரை விஷயம். ஆஸ்பத்திரியில் வலிக்குக் கொடுத்த மாத்திரையைப் போடுவதே நம்பிக்கைத் துரோகம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் அண்ணன் அதைக் கேட்டு மாத்திரை டப்பாவை எடுத்து ஒளித்துவைத்தார். நான் போன அன்றைக்கு அண்ணி பாயில் வில்லாக வளைந்து கிடந்தார். அண்ணன் அவர் காலடியில் முழங்காலிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். நான் வாயில் வந்தபடி திட்டினேன். அண்ணி திட்டவில்லை.

"மாத்திரையக் குடு. வலி வந்தா எனக்கு வலி மட்டுந்தான் தெரியுது. அவரு இருக்கறதே தெரியல. அது ஒண்ணுதான் எனக்குத் தாங்கல" என்றார்.

அண்ணன் எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் கையைவிட்டு டப்பாவை எடுத்துவந்தார். பிறகு கடைசிவரை வேளை தவறாமல் அவரே கொடுத்தார். அண்ணிக்கு வலி அடங்கிய நேரங்கள் கிடைத்தன. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். தூங்குகிறாரா என்று கேட்டால் இல்லை என்று தலையசைப்பார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஒரு அதிசயமும் வேண்டாம்.

நான் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டி வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் அடக்கம் என்று எங்கள் சின்னச் சபையின் போதகர் சொல்லியிருந்தார். பாட்டுப் பாடத் தொடங்கும் நேரத்தில் அந்தக் கார் வந்தது. ஊழியக்காரர் இறங்கினார். கூடவே செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அவருடைய ஆட்கள்.

"யாரும் பெட்டியை மூடாதீங்க. தேவன் இன்னைக்கு இந்தக் கிராமத்துல ஒரு பெரிய காரியம் செய்யப்போறார். சகோதரியை எழுப்பித் தரப்போறார்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நேற்றுவரை இந்த வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காதவர்கள் முண்டியடித்து முன்னால் வந்தார்கள். போதகர் ஏதோ சொல்லப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். எண்ணெய்க்கும் உப்புக்கும் வரிசையில் நின்ற மனுஷன். இதற்கும் மண்டியிட்டுவிடுவார் என்றுதான் பயந்தேன்.

அண்ணன் போய்ப் பெட்டிக்கும் ஊழியக்காரருக்கும் நடுவில் நின்றார்.

"வேணாங்கையா."

"விசுவாசியுங்க பிரதர். உங்க மனைவி திரும்பக் கிடைக்கப்போறாங்க."

"கெடைக்க மாட்டான்னு நான் சொல்லல. கெடைச்சிட்டா இன்னா பண்றதுன்னுதான் பயப்படறேன். அவ யாரு கூட இருக்கணும்னு ஆசப்பட்டாளோ அவரு கூடப் போய்ச் சேந்துட்டா. அங்கேந்து இஸ்துகினு வந்து மறுபடியும் இந்த ஒடம்புல போடணுமா? வேணாம். எழுப்பாதீங்க. போய்டுங்க."

ஊழியக்காரர் செல்போன் பிடித்த ஆட்களைப் பார்த்தார். அவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். கார் கிளம்பிப் போகும்வரை அண்ணன் அசையவில்லை. பிறகு குனிந்து, அண்ணியின் நெற்றியைத் தொட்டுவிட்டு, மூடியைத் தானே சாத்தினார்.

மணல்மேட்டில் குழி தோண்டத் தோண்டப் பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. அண்ணன் உள்ளே இறங்கிச் சரிந்த மணலைக் கையால் வாரி வெளியே போட்டார். கீழே ஈரம் தட்டியது. வெயில் இருக்கும்போதே இறக்கிவிட்டோம்.

அண்ணி, உங்களுக்காக என்னென்னவோ கேட்டோம். இனி கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவரோடு இருங்கள். இங்கிருந்து யாரும் உங்களைக் கூப்பிடமாட்டோம்.